ஐந்து விழுக்காடு இலைச்சாறு என்றால் என்ன?

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதைக் குறிக்கத் தெலுங்கில் இரண்டு சொற்கள் உண்டு. படகு போல மேல்நோக்கிச் சுருண்டால் 'பை முடத'. கவிழ்த்த படகு போலக் கீழ்நோக்கிச் சுருண்டால் 'கிந்தி முடத'. பை என்றால் மேல், கிந்தி என்றால் கீழ், முடத என்றால் மடிப்பு. குண்டூர்ப் பக்கத்து மிளகாய் விவசாயிகளின் அன்றாடப் பேச்சில் புழங்கும் இச்சொற்களை வெறும் வருணனை என்று கடந்துவிடலாகாது. இவை நோயறிதல் முடிவுகள். மேல்மடிப்பு பெரும்பாலும் இலைப்பேனின் வேலை. கீழ்மடிப்பு மஞ்சள் சிலந்திப்பேனின் வேலை. இலைக்காம்பு எலிவால் போல நீண்டுபோவதும் அதன் அடையாளம். முன்னது ஆறுகால் பூச்சி. பின்னது எட்டுக்கால் உயிரி. அது பூச்சியினமே அன்று, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. நீளம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. உருப்பெருக்கிக் கண்ணாடியின்றிப் பார்க்கவியலாத ஓர் உயிரியை, அது இலையில் விட்டுச்சென்ற சுருக்கத்தின் திசையைக் கொண்டே பிரித்துப் பெயரிட்டிருக்கிறது ஒரு வேளாண் சமூகம்.

இந்தப் பிரிவினைக்குப் பண மதிப்பும் உண்டு. இலைப்பேனைக் கொல்லும் மருந்துகளுள் பல சிலந்திப்பேனை ஒன்றும் செய்வதில்லை. சில செயற்கைப் பைரித்திராய்டுகள் அதனை உண்ணும் இரைவிழுங்கிகளைக் கொன்று, அதன் பெருக்கத்திற்கே வழிவிடுகின்றன. நனையும் கந்தகத்தின் கதை நேர்மாறானது: சிலந்திப்பேனுக்கு எமன், இலைப்பேனிடம் அதற்குப் பெரிய வேலையில்லை. ஆக, மடிப்பின் திசையைத் தவறாகச் சொன்னால் கடைக்காரர் தவறான புட்டியை எடுத்துத் தருவார். தெளித்த பின் நோய் முன்னிலும் முற்றும்.

கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் வட்டாரத்தில் இதே சுருட்டைக்கு 'முருட' என்று பெயர், தமிழில் 'முரணை'. இவ்விரண்டும் திசையைச் சொல்வதில்லை. இலைப்பேன், சிலந்திப்பேன், வெண் ஈ பரப்பும் நச்சுயிரி ஆகிய மூன்றின் விளைவையும் ஒரே பெயருக்குள் கட்டிவைத்துவிடுகின்றன. தெலுங்கில் இரண்டாகப் பிரிந்திருப்பது தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றாகக் கிடக்கிறது. நன்னூல் வழியில் சொன்னால் அது பலபொருள் ஒருசொல். இலக்கியத்தில் அது சிலேடைக்கு உதவும். தோட்டத்தில் கடனுக்குத்தான் உதவும்.

'மைட்' என்று பாடநூல்கள் குறிக்கும் இந்த உயிரினத்திற்கு இந்திய மொழிகள் இட்ட பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மேலும் ஒரு செய்தி புலப்படும். கன்னடத்தில் நுசி, தெலுங்கில் நல்லி, மலையாளத்தில் தென்னையைத் தாக்கும் வகைக்கு மண்டரி. இந்தியில் மகடி, வங்கத்தில் மாகட். இரண்டும் சிலந்தியைக் குறிக்கும் சொல்லையே கடன் வாங்கியவை. தமிழோ இரு கடன்களை ஒட்டவைத்திருக்கிறது: சிலந்தி, பேன். இவ்வுயிரி சிலந்தியும் அன்று, பேனும் அன்று. இதில் சிலந்தி என்ற பாதியால் பெரிய கேடில்லை, உறவுமுறை ஏறத்தாழச் சரிதான். கேடு செய்வது பேன் என்ற மறுபாதி. இலைப்பேன், செடிப்பேன், சிலந்திப்பேன் என மூன்று வெவ்வேறு உயிர்க்குலங்கள் தமிழில் ஒரே பின்னொட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. "செடியில பேன் விழுந்திருக்கு" என்று ஒருவர் கடையில் சொல்லும்போது அவர் எதைச் சொல்கிறார் என்பதை அறிய வேறு வழியே இல்லை.

தாவர இலைச்சாறுகளைக் கொண்டு சிலந்திப்பேனைக் கட்டுப்படுத்துவது பற்றிய ஆய்வுகளை மதிப்பிட இப்படிச் சொல்லிலிருந்து தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களிலும் விலங்கியல் துறைகளிலும் ஆண்டுதோறும் உருவாகும் இவ்வகை ஆய்வேடுகள் தோட்டத்தை எட்டாமல் நிற்பதற்கு வேதியியலின் குறைபாட்டைக் காட்டிலும் மொழியின் குறைபாடே பெரிய காரணம் என்று வாதிட இடமிருக்கிறது.

இலைச்சாற்றின் தேவையைப் பற்றி ஐயமில்லை. இருபுள்ளிச் சிலந்திப்பேன் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஒரு பெண் நூறு முட்டை வரை இடும். ஆயிரத்திற்கு மேற்பட்ட தாவர இனங்களில் பிழைக்கும். 2011இல் அதன் மரபணுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டபோது, நஞ்சைச் செரித்து வெளியேற்றும் மரபணுக்கள் அதில் மலிந்து கிடப்பது தெரியவந்தது. தாவரங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வைத்த நஞ்சையெல்லாம் தின்று பழகிய வயிறு அது. மனிதர் வைக்கும் நஞ்சு அதற்குப் புதுமையன்று. எந்த மருந்தும் சில ஆண்டுகளில் அதனிடம் தோற்றுப்போகிறது. இந்தியாவில் பல பத்தாண்டுகள் சிலந்திப்பேனுக்கென்றே விற்ற டைகோஃபால், டி.டி.டி.யிலிருந்து செய்யப்பட்டது; 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நீக்கப் பட்டியலில் சேர்ந்து, 2023இல் இங்கும் தடை செய்யப்பட்டது. தடை சரியானதே. அது விட்டுச்சென்ற இடத்தில் சிறு விவசாயிக்கு எட்டும் விலையில் எது வரும் என்பதுதான் கேள்வி. வேலியோரம் கிடைக்கும் நொச்சியோ ஆடாதொடையோ பதிலாகுமானால் அதைவிட நல்ல பதில் வேறில்லை.

ஆய்வகத்தில் நடப்பது இது. ஈரப் பஞ்சின் மேல் வட்டமாக வெட்டிய இலைத்துண்டு வைக்கப்படுகிறது. அதில் இருபதோ முப்பதோ சிலந்திப்பேன்களை நுண்தூரிகையால் எடுத்து விடுவர். சாறு தெளிக்கப்படும். 24, 48, 72 மணி நேரங்களில் எண்ணிக்கை. தெளிக்காத தட்டில் இயல்பாகவே இறந்தவற்றைக் கழிப்பதற்கு 1925இல் ஆபட் தந்த வாய்பாடு. பின்னர்ப் பாதியைக் கொல்லும் செறிவு இவ்வளவு என்று ஓர் எண். முறையில் பிழையில்லை. உலகெங்கும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆயினும் இந்த முறைக்குள்ளேயே ஒரு சொல் கேள்வியின்றி அமர்ந்திருக்கிறது: இறப்பு. தூரிகை நுனியால் தொட்டால் கால் அசையாதது இறந்ததாகக் கொள்ளப்படுகிறது. மயங்கிக் கிடந்து மறுநாள் எழுவதும், உண்ணாமல் ஒதுங்கி நிற்பதும், முட்டையிடும் திறனை இழந்தும் நடந்துகொண்டிருப்பதும் அந்த எண்ணுக்குள் வருவதில்லை. இலைச்சாறுகளின் வலிமை பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் இருக்கிறது. அவை உடனே கொல்வதைக் காட்டிலும் விரட்டுபவை, பசியடக்குபவை, பெருக்கம் தடுப்பவை. மூன்று நாள் கணக்கு அவற்றின் குறையைப் பெரிதாக்கி, நிறையை மறைக்கிறது. முட்டைகள் தப்பியிருந்தால் ஆறாம் நாள் தோட்டம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதும் அந்தக் கணக்கில் தெரியாது.

இதனினும் பெரிய இடறல் 'ஐந்து விழுக்காடு இலைச்சாறு' என்ற தொடர். ஆய்வேட்டுக்கு ஆய்வேடு திரும்பத் திரும்ப வரும் இத்தொடர் பார்வைக்குத் துல்லியமானது. எண் இருக்கிறது, அலகு இருக்கிறது. ஆனால் எதில் ஐந்து, எதற்கு ஐந்து என்று கேட்டால் குறைந்தது மூன்று விடைகள் கிடைக்கும். பச்சிலையை அரைத்து நீரில் கரைத்து வடிகட்டியதில், ஒரு லிட்டருக்கு 50 கிராம் பச்சிலை என்பது ஒரு பொருள். இலைக்குச் சம எடை நீர் சேர்த்து அரைத்து எடுத்த சாற்றையே முழுச் சாறாகக் கொண்டு, அதில் 50 மில்லியை ஒரு லிட்டராக நீர்க்கச் செய்வது இரண்டாம் பொருள். உலர்த்திப் பொடித்த இலையை மெத்தனாலில் ஊறவைத்து, மெத்தனாலை ஆவியாக்கிய பின் எஞ்சும் பசையில் 50 கிராமை ஒரு லிட்டரில் கரைப்பது மூன்றாம் பொருள்.

முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பச்சிலையில் நான்கில் மூன்று பங்கு நீர் என்று கொள்வோம். உலர்ந்த இலையின் எடையில் பத்தில் ஒரு பங்கு பசையாகக் கிடைக்கிறது என்றும் கொள்வோம்; இவை இயல்பான அளவுகளே. 50 கிராம் பசைக்கு 500 கிராம் உலர் இலை, அதாவது 2 கிலோ பச்சிலை வேண்டும். முதல் பொருளில் அதே ஐந்து விழுக்காட்டிற்கு 50 கிராம் பச்சிலை போதும். இரண்டுக்கும் இடையே நாற்பது மடங்கு வேறுபாடு. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்க வேண்டுமெனில் முதல் கணக்கில் 10 கிலோ இலை. ஒரு சாக்கு கூட நிறையாது. மூன்றாம் கணக்கில் 400 கிலோ. அதற்கு மேல் மெத்தனால் வேறு. எந்த வேலியிலும் அவ்வளவு நொச்சி இல்லை.

இரண்டு ஆய்வேடுகள், ஒரே செடி, ஒரே உயிரி, ஒரே 'ஐந்து விழுக்காடு'. ஒன்றில் முப்பது விழுக்காடு இறப்பு, மற்றதில் தொண்ணூறு என்று வந்தால் அங்கே முரண்பாடு எதுவுமில்லை. இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளந்திருக்கின்றன. ஆனால் மூன்றாவதாக ஓர் ஆய்வாளர் முன்னாய்வு மீள்பார்வை எழுதும்போது இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரியில் இட்டுவிடுகிறார். அட்டவணையில் பொருள் கரைந்துபோகிறது, எண் மட்டும் நிற்கிறது. சாற்றோடு ஒட்டுப்பொருளாகச் சேர்த்த சோப்பின் பங்கு எவ்வளவு என்பதும் பல இடங்களில் அப்படியே மறைந்துவிடுகிறது. சோப்புக் கரைசலே மெல்லுடல் கொண்ட சிற்றுயிரிகளை ஓரளவு கொல்லும். வெறும் நீரை இலையடியில் விசையோடு பீய்ச்சினாலே சிலந்திப்பேன்களில் ஒரு பகுதி கழுவிப்போகும். சோப்பு மட்டும் தெளித்த ஒரு வரிசை இல்லாத சோதனை, இலையைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

இதற்கு மாறான ஒரு வெற்றிக் கதையும் இதே நாட்டில் உண்டு. ஐந்து விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு. 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சோப்பு சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். எட்டு மாதத்திற்கு மேல் பழைய விதை ஆகாது. இவ்வளவுதான் பரிந்துரை. எந்தப் பகுதி, எவ்வளவு, எத்தனை நீர், எவ்வளவு நேரம், எப்போது என்ற ஐந்து கேள்விகளுக்கும் இரண்டே வாக்கியத்தில் விடை இருக்கிறது. ஒருவர் மற்றவரிடம் வாய்மொழியாகச் சொன்னாலும் சிதையாது. அசாடிராக்டினின் மூலக்கூற்று அமைப்பை வேதியியலார் உறுதிசெய்தது 1980களில். அதனை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுக்கக் கேம்பிரிட்ஜ் குழுவொன்றுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்து 2007இல்தான் முடிந்தது. வேப்பங்கொட்டைச் சாறு அதற்காகக் காத்திருக்கவில்லை. அதன் செய்முறை சொல்லத்தக்கதாக இருந்தது, அதனால் பரவியது.

இதே வேம்பில் 'வேப்பிலைச் சாறு' என்ற மற்றொரு வழக்கும் இருக்கிறது. பருப்பில் செறிந்திருக்கும் அசாடிராக்டின் இலையில் மிகக் குறைவு. 'வேம்பு நல்லது' என்று பொதுப்படையாகச் சொல்லக் கேட்டவர், கைக்கு எட்டும் இலையை அரைத்துத் தெளித்துவிட்டு, பலனில்லை என்று வேம்பையே கைவிடுகிறார். முதலுக்குச் சொன்னதைச் சினைக்கும் பொருத்திக்கொண்ட பிழை இது. முதற்பெயர், சினைப்பெயர் என்ற பாகுபாட்டைப் பள்ளி இலக்கணம் கற்பிக்கிறது. வேளாண் துண்டறிக்கைகள் அதை மறந்துவிடுகின்றன.

மகாராட்டிரத்திலிருந்து பரவிய 'தசபர்ணி' என்ற பத்திலைக் கரைசல் எதிர்முனையில் நிற்கிறது. வேம்பு, நொச்சி, சீதா, புங்கம், எருக்கு, பப்பாளி, ஆமணக்கு என்று பட்டியல் தொடங்கும். ஊருக்கு ஊர் பத்து மாறும். அரளி சில இடங்களில் உண்டு, சில இடங்களில் இல்லை. கோமியமும் சாணமும் சேர்த்து ஒரு மாதம்போல ஊறவைப்பர். பெயர் நிலையானது, பொருள் அசைவது. அறிவியலார் பலர் இதனை இகழ்ந்து ஒதுக்குகிறார்கள். இயற்கை வேளாண் ஆர்வலர் பலர் அப்படியே ஏற்கிறார்கள். இரு தரப்பும் தவறவிடுவது ஒன்று: அசைவு குறைபாடாகவே இருக்கவேண்டிய கட்டாயமில்லை. கிடைக்கும் இலையைக் கொண்டு செய்துகொள்ளும் நெகிழ்வே அதைப் பரப்பியது. ஆனால் அசையும் ஒன்றைச் சோதிக்க வேண்டுமானால் எந்தப் பத்து, எந்த ஊர், எந்த மாதம் என்று பதிவுசெய்தே ஆகவேண்டும். 'தசபர்ணி மூன்று விழுக்காடு' என்று மட்டும் எழுதும் ஆய்வுக் கட்டுரை, 'குழம்பு மூன்று கரண்டி' என்று எழுதும் மருத்துவக் குறிப்புக்கு ஒப்பானது.

வடவங்கத்துத் தேயிலையில் நடந்த ஒரு பணி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தேயிலையின் செஞ்சிலந்திப்பேன் அசாமில் 1868இலேயே கண்டறியப்பட்ட பழைய பகை. தேயிலையில் கொழுந்து ஏறத்தாழ வாரம் ஒருமுறை கிள்ளப்படுகிறது. கிள்ளியது கழுவப்படுவதில்லை, நேரே வதக்கி உருட்டப்பட்டுக் கோப்பைக்குப் போகிறது. இதனால் மருந்தின் எச்சம் அங்கே உயிர்ப்பிரச்சினை, ஏற்றுமதிப் பிரச்சினையும் கூட. எவ்வெம் மருந்துகளைத் தெளிக்கலாம் என்று தேயிலை வாரியம் 2014இல் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பையே வெளியிட நேர்ந்தது. சிலிகுரியிலுள்ள வடவங்கப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், தேயிலைத் தோட்ட ஓரங்களில் களையாக மண்டும் கெண்டு என்ற செடியின் சாற்றைச் செஞ்சிலந்திப்பேன் மேல் சோதித்தார்கள். அவர்கள் பாராட்டுக்குரியவர்களாவது முடிவால் மட்டுமன்று, வரிசையால். தேடிப்போக வேண்டாத களை. நீரில் எடுத்த சாறு. தட்டோடு நில்லாமல் தோட்டத்திலும் தெளிப்பு. இறுதியில் அத்தேயிலையில் செய்த தேநீரின் சுவை கெட்டதா என்ற சோதனை. பறிக்கிறவரின் கூடையிலிருந்து குடிப்பவரின் நாக்கு வரை சென்ற ஆய்வு அது.

அக்கட்டுரைகளைத் தேடும் மாணவர் இன்னொன்றையும் கவனிக்கலாம். அவற்றில் அச்செடிக்கு கிளெரோடெண்ட்ரம் விஸ்கோசம் என்று பெயர், குடும்பம் வெர்பினேசியே. இன்றைய தாவரவியல் அதனைக் கிளெரோடெண்ட்ரம் இன்பார்ச்சுனேட்டம் என்ற பெயரில் அடக்கி, துளசியின் குடும்பத்தில் வைத்திருக்கிறது. வட்டார வழக்கு நிலையற்றது, இலத்தீன் நிலையானது என்ற நம்பிக்கை முழு உண்மையன்று. இந்த ஒரு நேர்வில் கெண்டு கெண்டாகவே இருக்க, இலத்தீன்தான் இடம்பெயர்ந்தது. உலர்தாவரத் தொகுப்பில் சான்றுப் படிவம் ஒன்றை ஒட்டி வைத்து, அதன் எண்ணைக் கட்டுரையில் தந்தால் இரண்டு அசைவையும் கட்டிவிடலாம். பல ஆய்வேடுகளில் அந்த எண் இல்லை.

'இயற்கை' என்ற சொல்லையும் இங்கே கேள்விக்கு உட்படுத்தியாக வேண்டும். புகையிலைக் கஷாயம் இயற்கைதான். அதன் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடலில் ஏறும். அரளியும் எருக்கும் இயற்கைதான். அவற்றை இடிப்பவரின் கண்ணுக்கு அது தெரியாது. சிலந்திப்பேனைக் கொல்லும் சாறு, அதனைத் தின்று வாழும் நல்ல சிலந்திப்பேன்களையும் கொன்றால், பைரித்திராய்டு செய்த கேட்டையே இலை வேடத்தில் செய்ததாகும். நல்லவற்றின் மேல் விளைவைச் சோதிக்காத ஆய்வு பாதி ஆய்வு. இதனினும் மோசமானது சந்தை. 'மூலிகைச் சாறு' என்று பெயரொட்டிய புட்டிகளில் செயற்கை நஞ்சு கலந்து விற்கப்படுவது சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. அப்புட்டியை நம்பி வாங்கும் இயற்கை விவசாயி தன் சான்றிதழை இழக்கிறார். முகமூடியோ கையுறையோ அணியாமல் தெளிப்பதால் உடல்நலத்தையும் இழக்கிறார். ஆய்வேடுகள் சொல்லத்தக்க செய்முறையைத் தராதவரை, அந்த வெற்றிடத்தைப் புட்டிதான் நிரப்பும்.

இதற்கெல்லாம் ஆய்வு மாணவரைக் குற்றஞ்சாட்டுவது எளிது, நியாயமன்று. மூன்றாண்டு உதவித்தொகையில் களச் சோதனைக்கு இரண்டு பருவம் வேண்டும். மழை பொய்த்தால் ஒன்று போகும். தட்டில் 72 மணி நேரம் எண்ணினால் கட்டுரை உறுதி. ஆய்வேட்டுக்கு முன் இதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தளர்த்திய பின்னும், பல நிறுவனங்களில் வழக்கம் தளரவில்லை. அந்தக் கட்டுரைக்கு நடுவராக வருபவர் இலை எந்த மாதம் பறித்தது என்று கேட்பதில்லை. புள்ளியியல் சோதனையின் பெயரைக் கேட்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கிராமத்துச் சொல் துல்லியமற்றது, 'ஒரு பிடி' என்பது கைக்குக் கை மாறும், அறிவியல் அதிலிருந்து விடுபட்டதால்தான் வளர்ந்தது என்பர். முழுதும் தள்ளத்தக்க வாதமன்று. முரணை என்ற சொல் மூன்றைக் குழப்புவது மேலே காட்டப்பட்டது. ஆனால் பை முடத, கிந்தி முடத என்ற இணை துல்லியமற்றதா? 'ஐந்து விழுக்காடு' என்ற தொடர் துல்லியமானதா? சொல்லின் துல்லியம் அது ஆய்வகத்தில் பிறந்ததா தோட்டத்தில் பிறந்ததா என்பதைப் பொறுத்ததன்று. வேறுபடுத்த வேண்டியதை அது வேறுபடுத்துகிறதா என்பதைப் பொறுத்தது. ஒலியனியலில் முதல் பருவத்திலேயே கற்பிக்கப்படும் பாடம் இது.

செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வோர் ஆய்வேட்டிலும் சாற்றின் செறிவை ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் பச்சிலை என்ற அளவிலும் சேர்த்து எழுதச் சொல்லலாம். மெத்தனாலில் எடுத்திருந்தாலும் அதன் பச்சிலைச் சமன் எவ்வளவு என்று ஒரு வரி போதும். இலை பறித்த மாதம், செடியின் பருவம், சான்றுப் படிவ எண், சோப்பு மட்டும் தெளித்த வரிசை, ஏழாம் நாள் கணக்கு ஆகியவற்றைக் கட்டாயமாக்கலாம். உயிரியின் இலத்தீன் பெயருக்குப் பக்கத்தில் ஆய்வு நடந்த வட்டாரத்தில் அதற்கும் அதன் சேதத்திற்கும் வழங்கும் பெயரை, யாரிடம் கேட்டது, எந்த ஊரில் கேட்டது என்பதோடு பதியலாம். மொழியியல் துறை மாணவர் ஒருவரும் பூச்சியியல் மாணவர் ஒருவரும் ஒரு கோடைக்காலம் சேர்ந்து நடந்தால் ஒரு மாவட்டத்தின் சொற்பட்டியல் கிடைத்துவிடும். சோத்கங்கா தளத்தில் ஏற்றப்படும் ஆய்வேட்டோடு, அந்த மாவட்டத்து மொழியில் ஒரே ஒரு பக்கச் செய்முறைக் குறிப்பை இணைக்கச் சொல்லலாம். சுருக்கவுரை வேண்டாம், சுருக்கவுரையில் 'குறிப்பிடத்தக்க விளைவு காணப்பட்டது' என்றுதான் எழுதுவார்கள்.

வாய்மொழித் தேர்வில் கேள்விகள் ஏறத்தாழ எல்லோருக்கும் தெரிந்தவை. ஏன் இந்தச் செடி, ஏன் இந்தக் கரைப்பான், நம்பக எல்லை என்ன. இவற்றோடு புறத்தேர்வாளர் இன்னொன்றும் கேட்கலாம்: முதுகில் மாட்டும் பத்து லிட்டர் தெளிப்பானுக்கு எத்தனை பிடி இலை? விடை தெரியாத மாணவருக்குப் பட்டத்தை மறுக்க வேண்டாம். அரங்கின் பின்வரிசையில் அன்று அவருடைய களத்து விவசாயி ஒருவரும் அமர்ந்திருக்க இடம் செய்தால் போதும். அடுத்த கேள்வியை அவரே கேட்டுக்கொள்வார்.